அசையாத இடத்தைத் தேடும் மணல்

பிளஸ் டூ ஆய்வகத்தில் சுரமானியைக் கையாண்டவர்களுக்கு அந்தக் காகிதத் துண்டு நினைவிருக்கும். கூரைபோல மடித்த சின்னக் காகிதத்தை, இழுத்துக் கட்டிய கம்பியின் நடுவில் குதிரையேற்றுவோம். இசைக்கவையைத் தட்டிப் பெட்டிமேல் ஊன்றி, கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவோம். ஏதோ ஒரு நீளத்தில் காகிதம் படபடவென்று துடித்துக் கீழே விழும். “ரைடர் விழுந்துடுச்சு சார்” என்று கத்திவிட்டு நீளத்தை நோட்டில் குறித்துக்கொள்வோம். மதிப்பெண் அத்துடன் முடிந்துவிடும்.

அந்தக் காகிதம் விழாமல் நிற்கும் இடமும் உண்டு. கம்பி இரண்டு கண்ணிகளாகப் பிரிந்து அதிரும்போது சரியாக நடுவில் வைத்த காகிதம் அசையாது. இருபுறமும் கம்பி துடிக்க, அந்த ஒரு புள்ளி மட்டும் சும்மா இருக்கும். அதற்குக் கணு என்று பெயர். கரும்பின் கணுவைப்போல அதிர்வைத் துண்டுதுண்டாகப் பிரிக்கும் இடம் அது. கணுக்களுக்கு இடையே அதிகமாகத் துடிக்கும் இடம் எதிர்க்கணு.

கம்பிக்குப் பதிலாக ஓர் உலோகத் தகட்டை எடுத்துக்கொண்டால் கணுப்புள்ளி கணுக்கோடாக நீளும். ஒற்றைக் காகிதத்துக்குப் பதில் ஒரு பிடி மணலைத் தூவினால் ஆயிரக்கணக்கான ரைடர்களை ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டதாக ஆகும். துடிக்கும் இடத்திலிருந்து மணல் விரட்டப்படும்; அசையாத கோடுகளில் வந்து குவியும். சிலுவை, வளையம், நட்சத்திரம், பின்னல் என்று தகட்டின்மேல் தெரியும் சித்திரங்கள் இப்படி உருவாகின்றவைதான்.

இந்தச் சித்திரங்களைப் பற்றி மூன்று கேள்விகள் எழும். மணல் ஏன் அந்தக் கோடுகளுக்குப் போகிறது? கோடுகள் ஏன் அந்த வடிவில் விழுகின்றன? விழுந்த வடிவம் எதைப் பற்றிய செய்தி? முதல் கேள்வி தெளிவாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரண்டாவதற்கு நூற்றிருபது ஆண்டுகள் பிடித்தன. மூன்றாவதில் இன்றைக்கும் பலர் தடுமாறுகிறார்கள்.

வில்லும் விரலும்

அதிரும் பரப்பில் கோடுகள் தோன்றுவதை முன்பே கவனித்து எழுதியவர்களில் கலிலியோவைச் சொல்ல வேண்டும். 1638-ல் வெளியான தம் நூலில், ஒரு பித்தளைத் தகட்டின் கறையைப் போக்க இரும்பு உளியால் சுரண்டியபோது கிறீச்சென்று ஒலி எழுந்ததையும், அப்போது தகட்டில் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் விழுந்ததையும் அவர் எழுதினார். ஒலி உயர உயரக் கோடுகள் நெருங்கின என்பதையும் கண்டார். 1680-ல் லண்டனில் ராபர்ட் ஹூக், கண்ணாடியின்மேல் மாவைத் தூவி விளிம்பில் வில்லை இழுத்துப் பார்த்தார். இருவருமே கண்டதைச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் எர்ன்ஸ்ட் கிளாட்னி. 1756-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் பிறந்தார். தந்தை சட்டப் பேராசிரியர். மகனும் சட்டம்தான் படிக்க வேண்டும் என்று நின்றார். மகன் படித்து 1782-ல் பட்டம் வாங்கினார். தந்தை மறைந்ததும் சட்டப் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு, தமக்குப் பிடித்த இரண்டையும், இசையையும் இயற்பியலையும், ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

அவருக்கு வழி காட்டியது ஒலியோடு சம்பந்தமே இல்லாத ஒரு சோதனை. கோட்டிங்கனில் கியோர்க் லிச்டன்பர்க் என்ற இயற்பியலாளர், மின்னேற்றம் பெற்ற பிசின் வில்லையின்மேல் தூசு படியும்போது மரக்கிளைகளும் நட்சத்திரங்களும் போன்ற உருவங்கள் தோன்றுவதை 1777-ல் கண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தைத் தூசு காட்டித்தருமென்றால், தகட்டின் அதிர்வை மணல் காட்டித்தராதா என்று கிளாட்னி நினைத்தார். 1787-ல் லைப்சிக் நகரில் அவர் வெளியிட்ட சிறுநூல், ஒலியியலைத் தனி அறிவியலாக நிறுத்திய நூல்களில் ஒன்று.

சோதனையின் நுட்பம் முழுவதும் கைப்பழக்கத்தில் இருக்கிறது. தகட்டை நடுவில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மணலைச் சீராகத் தூவ வேண்டும். ரோசனம் தடவிய வயலின் வில்லைத் தகட்டின் விளிம்பில் செங்குத்தாக மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். வில் படும் இடம் துடித்தே ஆக வேண்டும்; அது எதிர்க்கணு. இன்னொரு கையின் விரல் தொட்டிருக்கும் இடம் துடிக்க முடியாது, அது கணு. விரலையும் வில்லையும் இடம் மாற்றினால் சித்திரம் மாறும்.

ஒரு சதுரத் தகட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, மூலைக்குப் பக்கத்தில் வில்லை இழுத்தால் தகடு தன்னால் முடிந்த மிகத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். மணல் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கூட்டல் குறியாக நிற்கும். இப்போது விரலை மூலைக்குக் கொண்டுபோய், பக்கத்தின் நடுவில் வில்லை இழுத்தால் சுருதி சட்டென்று உயரும். மணல் சிதறி ஓடி, மூலைக்கு மூலை பெருக்கல் குறியாக விழும். முதல் ஒலியைச் சட்ஜமம் என்று வைத்தால் இரண்டாவது ஏறத்தாழப் பஞ்சமம். தகடு அதே தகடு, மணலும் அதே மணல். ஒரு விரல் நகர்ந்ததுதான் வித்தியாசம்.

வட்டத் தகட்டில் வேறு ஒழுங்கு தெரிந்தது. அங்கே கணுக்கோடுகள் விட்டங்களாகவும் ஒருமைய வட்டங்களாகவும் அமைகின்றன. விட்டங்களின் எண்ணிக்கையோடு வட்டங்களின் எண்ணிக்கையைப்போல இரு மடங்கைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தினால் அதிர்வெண் ஏறத்தாழ அந்த விகிதத்தில் உயர்கிறது என்று கிளாட்னி கண்டார். மணலில் கோடுகளை எண்ணியே சுருதியைச் சொல்லிவிடலாம் என்றாயிற்று.

கடைசிவரை அவருக்கு நிரந்தர வேலை எதுவும் அமையவில்லை. யூஃபோன், கிளாவிசிலிண்டர் என்று தாமே செய்த இசைக்கருவிகளையும் தகடுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுவதும் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார். வாசித்தும் விளக்கியும் கிடைத்த பணத்தில் வாழ்ந்தார். விண்கற்கள் பூமிக்கு வெளியிலிருந்து வருபவை என்று 1794-ல் துணிந்து எழுதியவரும் இவரே. அதற்காக முதலில் கேலிக்கு ஆளானார். சில ஆண்டுகளில் அதுவும் உண்மை என்று நிலைபெற்றது.

மணல் ஏன் ஒதுங்குகிறது

மணலைக் கோட்டுக்கு இழுக்கும் விசை என்று ஒன்றும் கிடையாது. துடிக்கும் இடத்தில் மணல் நிலைகொள்ள முடியவில்லை; அவ்வளவுதான். தகடு கீழே இறங்கும் வேகமாற்றம் புவியீர்ப்பின் முடுக்கத்தைத் தாண்டிவிட்டால், மேலே கிடக்கும் துகள் தகட்டை விட்டுப் பிரிந்து துள்ளும். எங்கே விழும் என்பதற்குக் கணக்கில்லை. மறுபடி துடிக்கும் இடத்தில் விழுந்தால் மறுபடி தூக்கியெறியப்படும். தற்செயலாகக் கணுக்கோட்டில் விழுந்தால் அங்கே தூக்கியெறிய ஆளில்லை, தங்கிவிடும். மழைக்குப் பின் சாலையில் வண்டிகள் போகாத ஓரங்களில் மட்டும் மண் சேர்ந்துகிடப்பதைப் போன்ற கதை இது.

இதற்குப் பெரிய அதிர்வு வேண்டுமென்று நினைக்க வேண்டாம். 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தகட்டில், மணலைத் துள்ளவைக்கத் தேவையான வீச்சைக் கணக்கிட்டால் 1.3 மைக்ரோமீட்டர் வருகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கண்ணால் பார்த்தால் தகடு அசைவதே தெரியாது. தலைமுடியின் தடிமனில் சிறு பங்குகூட இல்லாத அந்த அசைவைத்தான் மணல் கண்ணுக்குத் தெரியும் கோலமாக மாற்றித் தருகிறது.

ஆனால் ஒரு முரண்பாட்டைக் கிளாட்னியே கவனித்திருந்தார். வில்லின் குதிரைமயிரிலிருந்து உதிரும் நுண்துகள்கள் மணலோடு போகாமல், நேர்மாறாக, அதிகம் துடிக்கும் இடங்களில் போய்க் குவிந்தன. லைகோபோடியம் என்னும் மிக நுண்ணிய வித்துத்தூளும் அப்படியே செய்தது. ஒரே தகட்டில் மணல் ஓடி ஒளியும் இடமும் தூள் கூடிக் கும்மியடிக்கும் இடமும் எதிரெதிராக இருந்தன. கணுக்கோடுகளை உருவாக்கும் அதிர்வைத் தவிர இன்னொரு வகை அதிர்வும் தகட்டில் இருக்க வேண்டும் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள்.

இதற்கு 1831-ல் முடிவு கட்டியவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த அதே ஆண்டு அது. துடிக்கும் தகடு தன்மேல் உள்ள காற்றையும் சுழற்றுகிறது. காற்று கணுவிலிருந்து தகட்டை ஒட்டி எதிர்க்கணுவுக்கு ஓடி, அங்கே மேலெழும்பித் திரும்புகிறது. எடை குறைந்த தூள் அந்தக் காற்றோட்டத்தில் அடித்துச் செல்லப்படுகிறது, கனமான மணல் அதைப் பொருட்படுத்துவதில்லை என்று அவர் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. தகட்டைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றிப் பார்த்தார்; தூளும் மணலைப்போலக் கணுக்கோட்டுக்கே போயிற்று. தகட்டைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார். இப்போது மணலும் தூளைப்போல எதிர்க்கணுவுக்குப் போயிற்று. இரண்டே சோதனைகளில் புதிர் அவிழ்ந்தது.

இந்த நூற்றாண்டில் இன்னொரு நுணுக்கம் சேர்ந்தது. துகள் துள்ளாத அளவுக்குத் தகடு மெல்ல அதிர்ந்தால், மணல் தகட்டை விட்டுப் பிரியாமல் உருண்டு நகரும். அப்போது அது எதிர்க்கணுவை நோக்கிப் போகும். ஆகவே மணல் காட்டும் படத்தைப் படிப்பதற்கு முன் துகளின் பருமன், சுற்றியுள்ள காற்று, அதிர்வின் வலிமை மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு பிடிபடாத நூற்றிருபது ஆண்டுகள்

1809-இன் தொடக்கத்தில் பாரிஸின் துயிலரி அரண்மனையில் கிளாட்னி நெப்போலியனுக்குத் தம் சோதனையைச் செய்து காட்டினார். லாப்லாஸ் உள்ளிட்ட அறிஞர்கள் உடனிருந்தார்கள். நெப்போலியன் கணிதம் அறிந்தவர். வேடிக்கை பார்த்ததோடு நிற்கவில்லை. கிளாட்னியின் ஒலியியல் நூலை பிரெஞ்சில் கொண்டுவர 6000 ஃபிராங்க் கொடுத்தார். இந்தக் கோடுகளுக்குக் கணிதக் கோட்பாடு தருபவருக்குப் பரிசு அறிவிக்குமாறு அறிவியல் கழகத்துக்கும் சொன்னார்.

கம்பியின் கணக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. தகட்டின் கணக்கு அதைவிட மிகக் கடினம். கம்பி நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் அதை இழுத்துக் கட்டிய விசை. தகட்டை யாரும் இழுத்துக் கட்டவில்லை; வளைத்தால் எதிர்க்கும் தன் விறைப்பினாலேயே அது திரும்பி வருகிறது. அந்த வளைவை இரண்டு திசைகளிலும் சேர்த்து எழுத வேண்டும். பெரிய கணித மேதைகள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1811-ல் கெடு முடிந்தபோது வந்திருந்தது ஒரே ஒரு கட்டுரை. எழுதியவர் சோஃபி ஜெர்மைன். பெண் என்பதால் பாரிஸின் பொறியியல் கல்லூரியில் அவருக்கு இடமில்லை. லெ பிளாங்க் என்ற ஆண்பெயரில் பாடக்குறிப்புகளைப் பெற்றும் பயிற்சிகளை அனுப்பியும் படித்தவர். முதல் கட்டுரையில் பிழை இருந்தது. நடுவராக இருந்த லக்ராஞ்ச் அதைத் திருத்திச் சரியான சமன்பாட்டைக் குறித்தார். கெடுவை நீட்டினார்கள். 1813-ல் ஜெர்மைன் இரண்டாவது முறை எழுதினார். பாராட்டு மட்டும் கிடைத்தது. மூன்றாவது முறை எழுதி 1816 ஜனவரியில் பரிசை வென்றார். விழாவுக்கு அவர் போகவில்லை. பரிசு கொடுத்த கழகத்தின் கூட்டங்களில் உட்காரும் அனுமதி அவருக்கு அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் கிடைக்கவில்லை. தம் ஆய்வை 1821-ல் சொந்தச் செலவில் அச்சிட்டார்.

பரிசு கிடைத்தும் கணக்கு முடியவில்லை. தகட்டின் நடுப்பகுதிக்குச் சமன்பாடு சரி. விளிம்பில் என்ன நடக்கிறது என்பதில் தவறு இருந்தது. கட்டப்படாத விளிம்பு எப்படி அசையும் என்பதை 1850-ல் குஸ்டாவ் கிர்ஹாஃப் சரிப்படுத்தி, வட்டத் தகட்டின் கோடுகளைக் கணக்கிலிருந்தே வரைந்து காட்டினார். கிளாட்னி கையால் கண்ட விட்டங்களும் வட்டங்களும் அங்கே வந்து விழுந்தன.

பார்க்க எளிமையாக இருக்கும் சதுரத் தகடு மட்டும் வழிக்கு வரவில்லை. அதற்குச் சுருக்கமான சூத்திரம் கிடையாது. 1909-ல் வால்டர் ரிட்ஸ் என்ற இளம் சுவிஸ் இயற்பியலாளர் வேறு வழி கண்டார். சரியான விடையைத் தேடுவதை விட்டுவிட்டு, தெரிந்த எளிய வடிவங்கள் பலவற்றைத் தக்க அளவில் கலந்து விடைக்கு மிக அருகில் போவது அவருடைய முறை. அப்படிக் கணக்கிட்ட கோடுகள் கிளாட்னியின் படங்களோடு பொருந்தின. அதே ஆண்டு, 31 வயதில், ரிட்ஸ் காசநோயால் இறந்தார். இன்றைக்குப் பாலம், விமான இறக்கை, கட்டடம் எதுவானாலும் அதன் அதிர்வைக் கணினியில் கணக்கிடும் முறைகளுக்கு அவர் வழி ஒரு மூலம். மணல் கோட்டைப் புரிந்துகொள்ளப் பிறந்த கணிதம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

மிருதங்கத் தோலில் மணல்

இந்த வரலாற்றில் நம் ஊருக்கு உரிய ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. திருச்சி திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்கு முன்பே ஒலியில் ஆழ்ந்தவர். வயலின், வீணை, தம்பூரா என்று ஆராய்ந்தவர், கல்கத்தாவில் இருந்தபோது 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இந்தியத் தோற்கருவிகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். பெங்களூரில் தாம் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழின் முதல் தொகுதியில், 1934-ல், அதை விரிவாக எழுதினார்.

அவர் எடுத்துக்கொண்ட புதிர் இதுதான். சாதாரண முரசுக்குச் சுருதி கிடையாது. சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்ற விகிதத்தில் போகும். இவை முழு எண்கள் அல்ல. ஆகவே ஒன்றோடொன்று ஒட்டாமல் இரைச்சலாகக் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையோ தம்பூராவோடு இழைகிறது. ஏன்?

காரணம் நடுவில் இருக்கும் கரணை. மிருதங்கம் செய்பவர்கள் அதைச் சோறு என்றே சொல்வார்கள். கல்லைப் பொடித்துச் சலித்து, வடித்த சோற்றோடு குழைத்து, சிறு சிறு உருண்டையாக எடுத்துத் தோலில் வைத்துக் கல்லால் தேய்த்து, காய்ந்ததும் அடுத்த அடுக்கைத் தேய்த்து ஏற்றுவார்கள். நடுவில் கனம், ஓரம் போகப்போக மெலிவு. இந்தக் கூடுதல் எடை ஒவ்வோர் அதிர்வு முறையையும் வேறு வேறு அளவில் தாழ்த்துகிறது.

ராமன் தோலின்மேல் நுண்மணலைத் தூவி, தக்க இடத்தில் விரல் வைத்து, தக்க இடத்தில் தட்டி, கோடுகளைப் படம் பிடித்தார். கோடுகள் சொன்ன செய்தி வியப்பானது. தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஒன்பது வெவ்வேறு சுருதிகளாகச் சிதறவில்லை. ஐந்தே சுருதிகளில் கூடி நின்றன. முதல் சீரிசைக்கு ஒரு முறை, இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு, நான்காவதற்கு இரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்று கம்பியைப்போல முழு எண் விகிதத்தில் இருந்தன. ஒரே சுருதிக்கு வந்துவிட்ட இரண்டு முறைகள் கலந்தபோது, விட்டமும் வட்டமும் மறைந்து, ஏறத்தாழ இணையான இரண்டு கோடுகள் தோலை மூன்று பட்டைகளாகப் பிரித்தன. கம்பி மூன்று கண்ணிகளாக அதிர்வதன் பரப்பு வடிவம் அது.

வித்வான் ‘நம்’ வாசிக்கும்போது கவனியுங்கள். மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் அடிக்கிறது. தொட்டிருக்கும் விரல் அங்கே கணுவைக் கட்டாயப்படுத்துகிறது. கணுக்கோடு அந்த விரலின் வழியாகப் போயாக வேண்டும். அடிச்சுருதி அடங்கி, நடுவே ஒரு விட்டம் ஓடும் இரண்டாவது சீரிசை தெளிந்து எழுகிறது. ‘தீம்’ வாசிக்கும்போது எந்த விரலும் தோலில் தங்குவதில்லை, அடிச்சுருதி முழங்குகிறது. கிளாட்னி தகட்டின் விளிம்பில் விரல் வைத்துச் செய்ததை மிருதங்க வித்வான்கள் தலைமுறை தலைமுறையாகத் தோலின்மேல் செய்துவருகிறார்கள்.

1954-ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும், நடுவில் கனமும் ஓரத்தில் மெலிவும் கொண்ட கூட்டுத்தோல் என்று வைத்துக் கணக்கிட்டு, ராமன் கண்ட விகிதங்களுக்கு அருகில் வந்தார்கள். கணக்கு வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, எவ்வளவு சோறு, எந்த அகலம், எங்கே நிறுத்துவது என்பதைக் காதாலும் விரலாலும் தீர்மானித்த தொழிலாளர்களின் அறிவு இது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை.

பட்டறையிலும் ஆய்வகத்திலும்

மேல்நாட்டு வயலின் பட்டறைகளில் மணலுக்கு இன்றும் வேலை இருக்கிறது. அமெரிக்காவில் கார்லீன் ஹட்சின்ஸ் என்ற பெண்மணி, வயலினை ஒட்டுவதற்கு முன் அதன் மேல்பலகையையும் அடிப்பலகையையும் தனித்தனியே ஒலிபெருக்கியின்மேல் பிடித்து, மினுக்குத் தூளைத் தூவிக் கோடுகளைப் பார்த்துச் செதுக்கும் முறையைப் பரப்பினார். 1981-ல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை பல பட்டறைகளின் வழிகாட்டியாயிற்று. பெருக்கல் குறிபோல விழும் கோடும், பலகையைச் சுற்றி வளையமாக ஓடும் கோடும் அவருக்கு முக்கியம். இரண்டின் சுருதிக்கும் இடையே ஒரு ஸ்தாயி இருக்கும்படி செதுக்கினால் நல்லது என்றார். கோடு ஓரிடத்தில் கோணினால் அங்கே மரம் தடித்தோ மெலிந்தோ இருக்கிறது என்று பொருள். தேயிலைத் தூளைத் தூவிப் பார்க்கிறவர்களும் உண்டு.

வாயுவின் அதிர்வைக் காட்டவும் தூள் உதவியது. 1866-ல் ஆகஸ்ட் குண்ட், கண்ணாடிக் குழாய்க்குள் நுண்தூளைப் பரப்பி ஒலியெழுப்பினார். தூள் சம இடைவெளியில் குவியல் குவியலாக நின்றது. அடுத்தடுத்த குவியல்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து வாயுவில் ஒலியின் வேகத்தைக் கண்டுபிடிக்கும் முறை நம் கல்லூரிப் பாடத்திலும் உண்டு.

1960-களில் லேசரும் ஹாலோகிராமும் வந்தபின் அதிர்வை அளக்க மணல் கட்டாயமில்லை. கணுவோடு சேர்த்து ஒவ்வொரு புள்ளியின் வீச்சையும் லேசர் சொல்லிவிடும். ஆனால் மணல் ஓய்வுபெறவில்லை. படம் காட்டும் வேலையிலிருந்து பொருளை நகர்த்தும் வேலைக்கு மாறியிருக்கிறது. 2016-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், ஒரே ஒரு தகட்டின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றி, அதன்மேல் கிடக்கும் பல சிறு பொருள்களைத் தனித்தனியே வேண்டிய பாதையில் நகர்த்திக் காட்டினார்கள். துகள் கோட்டுக்குப் போய்ச்சேரும் முன்பே அடுத்த சுருதிக்கு மாறிவிடுவதுதான் உத்தி.

ஒலிக்கு உருவம் உண்டா?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். வேல்ஸ் நாட்டுப் பாடகி மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ் 1885-ல் ஐடோஃபோன் என்ற கருவியைச் செய்தார். ஒரு கிண்ணத்தின் வாயில் ரப்பர் சவ்வைக் கட்டி, அதன்மேல் மணலோ ஈர நிறப்பொடியோ பரப்பி, கீழே உள்ள குழாய் வழியாகப் பாடினார். மலர்களும் பெரணி இலைகளும் போன்ற உருவங்கள் தோன்றின. அவற்றைக் கண்ணாடியில் பதித்து வைத்தார். குரலைப் பயிற்றுவிக்கச் செய்த கருவி, பார்த்தவர்களுக்குத் தெய்வீகக் காட்சியாயிற்று. 1967-ல் சுவிஸ் மருத்துவர் ஹான்ஸ் யென்னி, தூள், பிசுபிசுப்பான திரவம், இரும்புத்தூள் என்று பலவற்றை அதிரவைத்து எடுத்த அழகான படங்களைத் தொகுத்து, சைமாட்டிக்ஸ் என்று பெயர் சூட்டினார். அவர் படங்கள் உண்மையானவை. அவற்றின்மேல் பிறகு கட்டப்பட்ட கதைகளில்தான் கோளாறு.

நம்மூரில் அதிகம் சுற்றும் கதை, ‘ஓம்’ என்று சொன்னால் மணலில் ஸ்ரீசக்கரம் தோன்றும் என்பது. ஸ்ரீசக்கரம் ஒன்பது முக்கோணங்கள், மேல்நோக்கி நான்கும் கீழ்நோக்கி ஐந்துமாக, ஒன்றையொன்று ஊடுருவும் நுட்பமான வரைபடம். அதன் இடமும் வலமும் ஒத்திருக்கும். மேலும் கீழும் ஒத்திருக்காது. சீரான வட்டத் தகடோ சவ்வோ ஒரு சுருதியில் அதிரும்போது விழுவது சம இடைவெளி விட்டங்களும் ஒருமைய வட்டங்களும். அதில் இந்த முக்கோணப் பின்னலுக்கு இடமில்லை. தவிர, ‘ஓம்’ ஒரே அதிர்வெண் கிடையாது. அதே சொல்லை ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் நான்கு கட்டையிலும் சொன்னால் ஒரே சவ்வில் இரண்டு வேறு படங்கள் விழும். பிரணவத்தின் பெருமைக்கு மணலின் சாட்சி தேவையில்லை. மணல் அந்தச் சாட்சியைச் சொல்லவும் இல்லை.

இன்னொரு கதை 432 ஹெர்ட்ஸ் பற்றியது. 440-இல் வைக்கும் சுருதி செயற்கை, 432 இயற்கையானது, அதற்குத்தான் அழகான உருவம் விழுகிறது என்று காணொளிகள் சொல்கின்றன. தகட்டின் அதிர்வெண் அதன் பக்க நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 24 சென்டிமீட்டர் சதுரத் தகடு ஒன்று 440-இல் ஒரு கோலத்தைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தடிமனில், பக்கத்துக்கு 2.2 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிய தகடு அதே கோலத்தை 432-இல் காட்டும். இரண்டு மில்லிமீட்டரில் மாறிப்போகும் அழகைப் பிரபஞ்சத்தின் விதி என்று சொல்ல முடியாது.

காணொளிகள் காட்டாமல் விடும் விஷயம் ஒன்றும் உண்டு. பெரும்பாலான அதிர்வெண்களில் தகட்டில் எந்த உருவமும் தெளிவாக விழாது. மணல் குழம்பிக் கிடக்கும். தகட்டின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது, ஒத்ததிர்வில் மட்டுமே கோடு துலங்கும். துலங்கிய நொடிகளை மட்டும் ஒட்டிக் காட்டினால் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் உருவம் உண்டு என்ற மயக்கம் வருவது இயல்பு.

ஆகவே மணல் கோலம் யாருடைய கையெழுத்து? தகட்டின் வடிவம், தடிமன், பொருள், எங்கே பிடித்திருக்கிறோம், எங்கே தூண்டுகிறோம் என்பவைதான் அதை எழுதுகின்றன. அந்தத் தகட்டுக்குச் சாத்தியமான கோலங்களில் எது இப்போது தெரிய வேண்டும் என்று தேர்வு செய்வது மட்டுமே ஒலியின் பங்கு. மிருதங்கச் சோறு, வயலின் பலகை, சோஃபி ஜெர்மைனின் விளிம்புப் பிழை எல்லாம் இதே செய்தியைத்தான் வேறு வேறு வகையில் சொல்கின்றன.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுரமானி இருக்கும் ஆய்வகத்தில் இந்தச் சோதனைக்குப் பெரிய செலவில்லை. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு அலுமினியத் தகடுகள், ஒன்று சதுரம், ஒன்று வட்டம், நடுவில் துளை, பழைய ஸ்பீக்கரின் நடுவில் ஒட்டிய ஒரு போல்ட்டும் நட்டும், கழுவிக் காயவைத்துச் சலித்த மணல், கைபேசியில் ஒலியெழுப்பும் செயலி. அதிர்வெண்ணை மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். சதுரத் தகட்டில் கோலம் துலங்கியதும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் வட்டத் தகட்டை மாட்டச் சொல்லுங்கள். வட்டத்தில் அந்தக் கோலம் வராது. பெரும்பாலும் மணல் சும்மா கிடக்கும்.